காலைச் சுட்டார், விசா கொடுத்தார்

போன சித்திரையில் ஜெர்மன் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று என் மருமகள் பவித்ரா சாப்பிடவே இல்லை. இரண்டாவது தடவையும் பெயில்.

என் மகன் கார்த்திக் ஜெர்மனியில் இன்ஜினியர். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் வேலைக்குக் கிளம்பிப் போனவன். மனைவியை அழைத்துக்கொள்ள விசா வேண்டும். விசாவுக்கு அவள் அந்த பாஷையில் அடிப்படைப் பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். எழுத்தெல்லாம் எழுதிவிடுவாள். பேசத்தான் வராது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"இன்னும் ஒரு தடவ பாக்கலாம்ப்பா. அதுவும் போச்சுன்னா வேலைய உட்டுட்டு வந்துடுறேன். போன்லயே எத்தினி நாளு குடும்பம் நடத்துறது?" என்றான் மகன்.

நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். சைக்கிளில் இளநீர் கட்டி விற்று, செங்கம் ரோட்டில் இரண்டு ஷட்டர் பழக்கடை போட்டவன். மலையைப் பார்க்க வரும் ஏழு நாட்டுக்காரர்களிடம் கை ஜாடையிலேயே வியாபாரம் செய்தவன். அப்படிப்பட்ட எனக்கே வழி தெரியவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில், செருப்பில்லாமல் கிரிவலம் கிளம்பினேன். என் மனைவி முனியம்மா தடுத்தாள். கேட்பேனா? தார் ரோடு அடுப்பாகக் கொதித்தது. அடி அண்ணாமலை கோயில் வாசலில் நின்று மலையைப் பார்த்து அழுதேன். "அண்ணாமலையாரே, நான் யாருகிட்டயும் கை நீட்டினதில்ல. உன்கிட்ட நீட்டுறேன். அந்தப் பொண்ணுக்கு வாயைக் குடு!"

வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு பாதமும் கொப்புளம். தரையில் வைக்க முடியவில்லை.

"கால்ல இத்தினி கொப்புளம் வருது, வாயில ஒண்ணு வரமாட்டேங்குதே உங்களுக்கு, வீடாவது அமைதியா இருக்குமே," என்றாள் முனியம்மா.

காலையில் கடையை யார் திறப்பது? பவித்ரா சாவியை எடுத்தாள். காலேஜ் படித்த மருமகள் பழம் விற்கக் கூடாது என்று அதுவரை கடைப் பக்கமே அவளை விட்டதில்லை நான். அது என் கௌரவம். அன்று படுத்த படுக்கையில் கௌரவம் எங்கே பார்ப்பது?

எங்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். ஹெல்கா அம்மா! ஜெர்மனியிலிருந்து வந்து, வெயிலுக்கும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். பல வருஷமாக என்னிடம் பப்பாளி வாங்குகிறவர். அவரிடம் பவித்ரா ஜெர்மனில் பேசுகிறாள்! இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா என்று கேட்டுப் பழம் எடுத்துக் கொடுக்கிறாள்! கையில் தராசு வந்ததும் பயம் போய்விட்டது.

என் கால் ஆறிய பிறகும் அவளைக் கல்லாவை விட்டு இறக்கவில்லை. ஹெல்கா அம்மா தினமும் வந்தார். தெரிந்தவர்களையும் கூட்டி வந்தார்.

மூன்றாவது பரீட்சை முடிந்ததும் சென்னையிலிருந்து போன் செய்தாள். "மாமா! பரீட்சை வைக்கிறவங்க ஆப்பிள் படத்த காட்டி, இதைக் கேளுன்னாங்க. கேட்டேன். அப்புறம் அவங்க என்கிட்ட பழம் கேக்குற முறை வந்துச்சு. பழக்கதோஷம், பை வேணுமான்னு கேட்டுட்டேன்! அவங்களே சிரிச்சுட்டாங்க!"

பாஸ்! ஆடியில் விசா கையில்! பாஸ்போர்ட்டை சன்னிதியில் வைத்து எடுத்தபோது வயசை மறந்து குதித்தேன். முனியம்மா வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

மருமகளுக்கு வாய் கேட்டேன். அண்ணாமலையார் என் காலைச் சுட்டு வீட்டில் உட்கார வைத்தார். நான் கடையில் நின்றிருந்தால் அவள் வாய் திறந்திருக்குமா? இப்போதெல்லாம் சாமியிடம் கேட்கிறேனே தவிர, இப்படிச் செய், அப்படிச் செய் என்று யோசனை சொல்வதில்லை. எனக்கு இதுவே பெரிய மாற்றம்.

போன வாரம் ஜெர்மனியிலிருந்து பவித்ரா பேசினாள். தனியாகப் போய்த் தக்காளி வாங்கினாளாம். "கடைக்காரம்மா என்னப் பாத்து பை வேணுமான்னு கேட்டாங்க மாமா!"

நீங்களும் அண்ணாமலையாரிடம் கேளுங்கள். நடுவில் கால் சுட்டால், கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.