கூடாரத்தில் பட்ட விரல்

மொட்டைமாடியில் கட்டிய கூடாரத்தைப் பேரன் உள்ளிருந்து தடவியதும், "தொடாதலே!" என்று கத்திவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில், சித்தப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பருத்திக் கூடாரத்தைக் குற்றாலத்தில் அடித்திருந்தோம். சாரல் நாளில் அருவியில் குளிக்க வந்த சாக்கில் அக்காவைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். வெளியே மழை வலுத்தும் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

"துணியில மெழுகு ஏத்திருக்கு. தண்ணிக்கு அதுல ஒட்டப் பிடிக்காது, தன்னைத்தானே புடிச்சிக்கிட்டு மேலயே நிக்கும். உள்ளார விரல் பட்டா, அதுல ஒட்டிக்கிட்டு இறங்கிரும்" என்றார் சித்தப்பா.

"சும்மா சொல்லுதீரு!" என்று மாப்பிள்ளையின் அப்பா விரலால் துணியைத் தொட்டார். அக்காவின் தலையில் சொட்டியது. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு இடத்தைத் தொட்டார். கேசரித் தட்டில் சொட்டியது. பிறகு இன்னொரு இடம். சம்பந்தியாகப் போகிறவரை யார் தடுப்பது? அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, கையை எடுங்க" என்றாள் அக்கா.

அவர்கள் கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். தென்காசியில் எங்கள் வீடு வரும்வரை அப்பா அவளைத் திட்டித் தீர்த்தார்.

ஈரத் தலையைத் துவட்டியபடி அக்கா சொன்னாள்: "அந்த வீட்டுக்குப் போயிருந்தா தெனமும்லா நனைஞ்சிருக்கணும்."