மாதம் ஒரு மேசை

துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் அவள், மாதம் ஒரு ஞாயிறு மதியம் புருஷனையும் மகனையும் ஓட்டலுக்கு இழுத்து வந்துவிடுவாள். எட்டு மாதம் முன்பு மகன் படிப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அப்பனும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டலில் மட்டும், நாலு பேர் பார்ப்பார்களே என்று ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். அதற்காகவே அவள் கூடுதல் நேரம் தைத்தாள்.

இன்று விலைப் பட்டியலில் பழைய விலைகளின் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இது சாப்பாட்டு விலையா, தங்கத்தோட விலையா?" என்றார் புருஷன்.

மகன் சிரித்துவிட்டான். "ஆமாப்பா. அம்மா சமையலே இதுக்கு எவ்வளவோ மேல். இனிமே இங்க வரவே வேணாம்."

"அப்படிச் சொல்லுடா!"

இந்த எட்டு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே பேச்சு அதுதான். 'வீட்டுல ஒண்ணா உக்காருவீங்களா?' என்று கேட்க அவள் வாயெடுத்தாள், அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. இருவரும் மளமளவென்று சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

"வேற ஏதாவது வேணுமா?" என்று வந்து நின்றார் பரிமாறுகிறவர்.

வெளியிடத்தில் எதையும் தானாகக் கேட்டறியாதவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, செய்ய எது ரொம்ப நேரம் ஆகுமோ, அதுல ஒண்ணு கொண்டாங்க."