பார்வையாளர் பேசக் கூடாது

நோயாளிப் பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் நடத்திய தேர்வில் நர்சுகள் எல்லாரும் பாஸ். பயிற்சி கொடுத்தவள் நான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் மருத்துவமனையின் மேலதிகாரி மட்டும், "அச்சா, காகிதத்தில் சரி. வார்டில் போய்ப் பார்த்து எழுதுங்கள்" என்றார். ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லாமல் சொல்கிறாரே என்று எரிச்சல் வந்தது. மறுநாள் டெல்லி ஜனக்புரியில் மெட்ரோ ஏறும்போதே, நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்கிற வீம்பு.

வார்டில் எனக்கு ஒரே விதி: பார்வையாளர் பேசக் கூடாது. பேசினால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே தடுக்க வேண்டும்.

பதினாலாம் கட்டிலில் இருந்த சர்க்கரை நோயாளியை அன்று காலை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர், ஹெர்னியா ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்த ஒரு பெரியவர். மாற்றும்போது நானும் அங்கேதான் நின்றேன். மதியம் அந்தக் கட்டிலுக்கு இன்சுலின் ஊசியோடு வந்தாள் மதுரைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி. தேர்வில் முதலாவதாக வந்தவள். பழைய நோயாளியின் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று இந்தியில் கேட்டாள். பெரியவர் அரைத் தூக்கத்தில் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எது கேட்டாலும் தலையாட்டுவார்கள். அதனால்தான் பெயரை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள், கையில் கட்டிய பெயர்ப்பட்டையைப் பாருங்கள் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியிருந்தேன்.

வெறும் வயிற்றில் இன்சுலின் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிரே போகலாம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இதோ பட்டையைப் பார்ப்பாள், இப்போது பார்ப்பாள். பார்த்துவிட்டால் என் பயிற்சி ஜெயித்தது. அவள் பெரியவரின் சட்டையை விலக்கினாள். வயிற்றைப் பஞ்சால் துடைத்தாள். ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

"ருக்கோ."

தமிழச்சியிடம் 'நில்' என்று சொல்ல எனக்கு இந்திதான் வந்தது. ஊசி தோலைத் தொட்டிருக்கவில்லை. அவள் பட்டையைப் படித்தாள். ஊசியைத் தட்டில் வைத்தாள். பெரியவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வராந்தாவுக்கு அழைத்துப் போய்த் திட்ட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, பட்டையப் பாக்காதது என் தப்புதான். கட்டில் மாத்துனது எனக்குத் தெரியாது, இப்பத்தான் டூட்டிக்கு வந்தேன். ஒங்களுக்குத் தெரியும்ல? மூடியக் கழட்டுற வரைக்கும் எதுக்கு நின்னீங்க?"

அழுதுகொண்டேதான் கேட்டாள். பயிற்சி ஜெயிக்க வேண்டும் என்று நின்றேன் என அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.