விரதக்காரனின் கண்ணாடி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் முதலில் தெரிந்தது வளவின் கோடியில் நின்ற பனை. ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. மட்டையில் இருந்த காகம் அலகைத் தேய்த்ததும் தெரிந்தது. கையை நீட்டித் தலைமாட்டில் இருந்த மருந்துப் போத்தலை எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த தாளின் எழுத்து, தண்ணீர் பட்ட மையாகக் கரைந்து கிடந்தது.

அது ஐப்பசி மாதம், கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. நீரிழிவு என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பட்டணத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் திருத்துவது என் வேலை. புத்தூரிலிருந்து பஸ்ஸில் போய், மை காயாத தாள்களை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பிழைகளைத் தேடுவேன். அந்த வேலைக்கு வேண்டிய கருவி கண் ஒன்றுதான். அது ஒரு கிழமை இருந்தது போல மறு வாரம் இருக்கவில்லை.

கண் தெரியாது என்றால் ஊர் விளங்கிக்கொள்ளும். எனக்கு வந்தது ஊருக்கு விளங்காத நோய். சில கிழமைகளில் கையில் இருக்கும் எழுத்து பளிச்சென்று தெரியும். றோட்டில் வருவது தெரியாது. அப்படியான ஒரு நாளில் பஸ் என்று நினைத்து லொறி ஒன்றை மறித்தேன். சாரதி நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"ஏறுங்கோ அண்ணை. பின்னாலை புகையிலைச் சிப்பத்துக்கு மேலை இடம் கிடக்கு. ரிக்கற் இல்லை."

சந்தியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வேறு சில கிழமைகளில் சந்தியின் மறு தொங்கலில் நிற்பவரின் மீசை தெரியும், கையில் இருக்கும் தாள் தெரியாது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்த நாள் இல்லை. எது எப்போது மாறும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. நான் வேலைக் கள்ளன் என்று அச்சுக்கூடத்தில் சிலர் கதைத்தார்கள். திங்கட்கிழமை கடுகளவு எழுத்தை வாசித்தவன் அடுத்த திங்கட்கிழமை தலைப்பையே தடவுகிறான் என்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

புரட்டாதியில், எழுத்துத் தெரியாத கிழமை ஒன்றில், ஒரு கோயிலின் தேர்த் திருவிழா அறிவித்தலைத் திருத்தி அனுப்பினேன். திகதி பிழையாக இருந்தது. இரண்டு வண்டிச் சனம் ஒரு நாள் பிந்திப் போய், தேர் இழுத்து முடிந்த வெறும் வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மனேச்சர் என்னைக் கூப்பிட்டு, நான் ஒப்பமிட்ட தாளை மேசையில் விரித்தார்.

"இது உம்மடை ஒப்பந்தானே?"

"ஓம்."

"கண் தெரியாட்டில் தெரியேல்லை எண்டு சொல்லவேணும்."

"அண்டைக்குத் தெரியேல்லை. இண்டைக்குத் தெரியுது."

"உதென்ன கதை? கண் என்ன பஸ்ஸே, வந்து வந்து போறதுக்கு?" அவர் தாளை மடித்தார். "ஒரு கண்ணாடி எடும். பொங்கல் இதழைப் பிழையில்லாமல் பாத்தீரெண்டால் இந்தக் கதிரையிலை நீர் இருக்கலாம். இல்லாட்டில் என்ரை மருமோன் சோதினை பாஸ் பண்ணிப்போட்டு வீட்டிலை சும்மா நிக்கிறான்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது.

கொழும்பிலிருந்து கண்ணாடிக்காரர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவார். பட்டணத்தில் ஒரு மேல்மாடி அறையில் சில நாள் தங்கிக் கண் பார்ப்பார். அந்த முறை அவர் வந்தது கந்தசஷ்டிக் காலத்தில். நான் வருடா வருடம் அந்த விரதம் பிடிப்பவன். பகல் முழுவதும் தண்ணீர், இரவில் ஒரு கோப்பை பால், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலை, பனை தெரிந்து போத்தல் தெரியாமல் போன அதே காலை, அவரிடம் போனேன். இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் வைத்து வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். தடித்த வில்லை ஒன்று விழுந்ததும் எழுத்துகள் வரிசையாக எழும்பி நின்றன. கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அளவைக் குறித்துக்கொண்டார். கண்ணாடி றெயிலில் வரும் என்றார்.

மறுநாள் சூரன் போர். சனத்துக்குப் பின்னால், மதிலோடு நின்று பார்த்தேன். சூரனுக்குத் தலை மாற்றுகிறவரின் விரல்கள் கூடத் தெரிந்தன.

"பாத்தியளே, முருகன் கண்ணைத் திறந்துவிட்டிட்டான்" என்றாள் மனைவி.

நானும் அதை நம்பினேன். விரதம் முடிக்கிற பாறணைச் சோற்றைச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். பிறகு வழமை போலச் சோறு, பனங்கட்டியோடு தேத்தண்ணி, உறவினர் வீட்டுப் பலகாரம்.

கார்த்திகை நடுவில் கண்ணாடி வந்தது. அச்சுக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருக்க எடுத்து மாட்டினேன். தாள் முழுவதும் புகை. தாளைக் கிட்டக் கொண்டுவந்தேன், தள்ளிப் பிடித்தேன், துடைத்து மாட்டினேன். புகைதான். ஆத்திரத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். வெறுங்கண்ணுக்கு எழுத்து நன்றாகத் தெரிந்தது. அப்படியே வாசிக்கத் தொடங்கினேன். எழுத்துக் கோப்பவர் தன் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியை நெத்தியிலை போட்டு வாசிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். நெத்திக்கண் திறந்திட்டுதோ ஐயா? எங்களை எரிச்சுப்போடாதையுங்கோ."

அன்று பின்னேரம் அப்போதிக்கரியிடம் போனேன். எனக்கு நீரிழிவு என்று முதலில் சொன்ன வைத்தியர் அவர். கண்ணாடிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னேன். அவர் என் சிறுநீரை வாங்கி, சோதனைக் குழாயில் இருந்த நீல மருந்தில் சில துளி விட்டு, ஸ்பிரிற்று விளக்கில் கொதிக்க வைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இனிப்பு மிகக் கூடினால் வரும் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"கண் எப்ப அளந்தனீர்?"

"கந்தசஷ்டிக்கு."

"விரதத்தோடையோ?"

"ஓம்."

அவர் சிரித்தார். "கண்ணாடியிலை பிழையில்லை. விரதக்காரனைக் கொண்டுபோய் அளந்துபோட்டு, சோறு தின்னுறவனுக்கு மாட்டியிருக்கிறீர்."

பிறகு விளக்கமாகச் சொன்னார். இரத்தத்தில் இனிப்பு ஏறினால் கண்ணின் வில்லை ஊதும். கிட்ட உள்ளது தெரியும், தூரம் போகும். இனிப்பு இறங்கினால் தூரம் வரும், கிட்டப் போகும். மாற்றம் சில நாள் பிந்தித்தான் தெரியும், அதனால்தான் நான் காரணத்தைப் பிடிக்கவில்லை.

"அப்ப இப்பிடியே இருந்தால் வெறுங்கண்ணாலை வாசிக்கலாம்தானே?"

"வாசிக்கலாம். கொஞ்சக் காலம். பிறகு காலிலை புண் வரும். அதுக்குப் பிறகு கண்ணுக்குள்ளை இரத்தம் கசியும். அதுக்குக் கண்ணாடி இல்லை."

வீட்டுக்கு நடந்தபோது எனக்கு வந்தது பயத்தை விடக் கோபம். வைத்தியன் சொல்லைக் கேட்டால் எழுத்துத் தெரியாது, கேளாவிட்டால் தெரியும். கையில் இருந்த கண்ணாடியோ பட்டினி கிடக்கிறவனுக்குச் செய்தது. கண்ணாடிக்காரர் திரும்பி வரச் சித்திரை ஆகும். பொங்கல் இதழ் அதற்கு முன் வந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கிடைக்காது என்றால், கண்ணாடிக்கு ஏற்றபடி கண்ணைக் கொண்டுவருவதுதான் மிச்சம்.

அந்தக் கிழமை பிள்ளையார் விரதம் தொடங்கியது. இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு. நான் முன்பு ஒருபோதும் அதைப் பிடித்ததில்லை. இருபத்தொரு இழை நூலில் முறுக்கிய காப்பைக் கோயில் ஐயர் என் வலக்கையில் கட்டினார். "இப்பவாவது பக்தி வந்துதே" என்று மனைவி கண் கலங்கினாள். உண்மையை அவளுக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு நேரமும் குரக்கன் பிட்டும் கீரையும்.

முதல் கிழமையில் கண் இடைவழியில் நின்றது. கண்ணாடியோடும் தெரியாது, இல்லாமலும் தெரியாது. கோயிலில் நாள்தோறும் பிள்ளையார் கதை படிப்பார்கள். படிக்கிறவருக்குத் தடிமன் பிடித்த அன்று மணியகாரர் ஏட்டை என் மடியில் வைத்தார்.

"நீங்கள் பேப்பர்காரர். உங்களை விட ஆர் படிக்கிறது?"

"எனக்கும் தொண்டை சரியில்லை" என்றேன்.

"காலமை பஸ்ஸிலை கொண்டக்டரோடை சத்தம் போட்ட தொண்டைதானே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஏடு வேறு கைக்குப் போனது.

மூன்றாம் கிழமையில் ஒரு காலை, கண்ணாடியை மாட்டியதும் போத்தலின் தாளில் இருந்த எழுத்துகள் எழும்பி நின்றன. காப்பு அவிழ்த்த பிறகும் நான் சாப்பாட்டை மாற்றவில்லை. மோதகத்தைத் தொடவில்லை. அப்போதிக்கரியின் குழாய் பச்சையோடு நின்றது. வேட்டி இடுப்பில் நிற்காமல் வழுகியது. எந்த நேரமும் பசித்தது. பசித்த நேரமெல்லாம் எரிச்சல் வந்தது.

பொங்கல் இதழை நான் கண்ணாடி போட்டுத் திருத்தினேன். கடைசிப் பக்கத்தை மனேச்சர் தானே ஒரு முறை வாசித்தார். பிழை இல்லை.

"பாத்தீரே? நான் அண்டைக்கே சொன்னனான், எல்லாம் ஒரு கண்ணாடியிலைதான் கிடக்கு எண்டு. கதிரை உமக்குத்தான்."

வீட்டில் பிள்ளையார் என்றார்கள், அச்சுக்கூடத்தில் கண்ணாடி என்றார்கள்.

பொங்கலன்று முற்றத்தில் சர்க்கரைப் புக்கை பொங்கி, தலைவாழை இலையில் படைத்தோம். மனைவி என் இலையில் ஒரு அகப்பை வைத்தாள். அதை முடித்து, இன்னும் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, அப்போதிக்கரி உங்களை..."

"இண்டைக்கு ஒருத்தரும் என்ரை கண்ணைப் பற்றிக் கதைக்க வேண்டாம். போடும்."

போட்டாள். அடுத்தடுத்த நாள்கள் உறவினர் வீடுகளுக்குப் போனோம். போன வீடெல்லாம் தேத்தண்ணியும் உள்ளங்கையில் பனங்கட்டியும் தந்தார்கள்.

தை மாதத்தின் இரண்டாவது இதழை நான் கண்ணாடி இல்லாமல் வாசித்தேன்.