துளைத்துக்கொண்டு போகும் குண்டு

கரடிக்கு எந்தக் குண்டு சரி என்று அறிய நான் இரண்டு கிழமை வீடியோ பார்த்தேன். எங்கள் ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருந்து குடும்பத்தோடு வடக்கே கரடிகள் திரியும் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கப் போவதாக இருந்தோம். சுடும் கிளப்பில் பழகுவதற்காக எப்போதோ வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்று என்னிடம் இருந்தது.

துப்பாக்கிக் கடையில் நின்ற பெடியனும் எங்கள் ஆள்தான். "உள்ளுக்கை போய் விரியிற குண்டு வேண்டாம் தம்பி. கரடியின்ரை கொழுப்பையும் எலும்பையும் துளைச்சுக்கொண்டு போற கெட்டிக் குண்டு தாரும்" என்று எல்லாம் தெரிந்தவன்போலக் கேட்டேன்.

"அண்ணை, கைத்துவக்கைக் காட்டுக்குக் கொண்டுபோக உங்களுக்கு அனுமதி இல்லை. அதை வீட்டிலை பூட்டி வையுங்கோ. சாப்பாட்டைக் காருக்குள்ளை பூட்டுங்கோ" என்று சொல்லி, கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்பிரேயை நீட்டினான். எனக்குச் சரியான கோபம். ஆனாலும் வாங்கினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், கூழ் காய்ச்சக் கொண்டுபோன கருவாட்டுப் பையை மேசையிலேயே விட்டுவிட்டேன். மணம் பிடித்து ஒரு கறுப்புக் கரடி வந்தது. எனக்கும் அதற்கும் இடையில் பதினைந்து அடிகூட இல்லை. ஸ்பிரே கூடாரத்துக்குள் கிடந்தது. கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தக் கணமே சுட்டிருப்பேன்.

கரடி பையைக் கவ்விக்கொண்டு பற்றைக்குள் போய்விட்டது. அது நின்ற இடத்துக்கு நேர் பின்னால், தண்ணீர்க் கானோடு என் மகள் நின்றாள். அதுவரை நான் அவளைப் பார்க்கவேயில்லை.

"அப்பா, கரடி போயிட்டுதோ?" என்று கேட்டாள்.

துளைத்துக்கொண்டு போகும் குண்டு கேட்டவன் நான். துளைத்த பிறகு அது எங்கே போகும் என்று அந்த இரண்டு கிழமையில் ஒருதடவையும் யோசிக்கவில்லை.