திரும்பி வந்த தட்டுக்குப் பில் கிடையாது

என் அக்காவின் கணவர் வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் கொடுப்பவர். பல வருடம் ஓட்டலில் அடுப்படியே கதி என்று கிடந்துவிட்டு, ஒரு நாள் முதலாளியிடம் முறைத்துக்கொண்டு வெளியே வந்தவர். இனி நானே முதலாளி என்றார். முதலாளி ஆனபிறகுதான் தெரிந்தது, சமைப்பது பாதி வேலை, சமைத்ததற்குக் காசு கேட்பது மீதி வேலை என்று. அந்த மீதி அவருக்கு வரவே வராது. அதனால் மாதக் கடைசியில் பில் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பகலெல்லாம் ஆபீசில் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் அக்கா வீட்டு மேஜையிலும் அதையே செய்வேன். கூலி ஒரு டம்ளர் டீ.

மாமாவிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. சாப்பிடாமல் திரும்பி வந்த தட்டுக்குப் பில் போடமாட்டார். காரம் கூடிப்போனாலும் சரி, அந்த வீட்டுப் பையன் பிஸ்கட்டைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டாலும் சரி, அந்த வேளை அவர் கணக்கில் கிடையாது.

"காய் வாங்கினது, அடுப்படியில நின்னு வெந்தது எல்லாம் தண்டமா மாமா? நோயாளி பிழைக்கலைன்னா டாக்டர் பீஸை விட்டுடறாரா?" என்று கேட்டிருக்கிறேன்.

"நான் டாக்டர் இல்லையே. நீ டைப் பண்ணு" என்பார். அக்கா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அவளுடைய பதில் அவ்வளவுதான்.

அவருடைய வருமானத்தில் பாதி ஒரே வீட்டிலிருந்து வந்தது. படுக்கையில் விழுந்துவிட்ட ஒரு பெரியவர், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், மெல்லத் தேவையில்லாமல் சமைக்க வேண்டும். முதல் மாத பில்லைப் பெரியவரே வாங்கிப் பார்த்திருக்கிறார். சில நாட்கள் விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டதற்கு, மாமா காரணத்தைச் சொல்லியிருக்கிறார். பெரியவர் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, "உனக்குப் பிழைக்கவே தெரியலப்பா" என்றாராம். மாமா அதை ஏதோ விருது வாங்கியதுபோல வீட்டில் வந்து சொன்னார்.

போகப் போகத் தட்டுகள் அதிகமாகத் திரும்பின. மாமா மசித்துப் பார்த்தார், வடிகட்டிப் பார்த்தார், சூப்பில் எலுமிச்சை பிழிந்து பார்த்தார். பில் சுருங்கிக்கொண்டே போனது. வீட்டு வாடகை பாக்கி நின்றது. வீட்டுக்காரர் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அக்கா மறந்துபோன எதையோ எடுக்கிற மாதிரி உள்ளே திரும்பிவிடுவாள்.

பிறகு ஒரு வாரம் முழுக்கத் தட்டு காலியாக வந்தது. மகள் தட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவாள். கொஞ்ச நேரத்தில் துடைத்த மாதிரி வெளியே வரும். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வழி பிடிபட்டுடுச்சு. உப்புக்குப் பதிலா எலுமிச்சை, அதான் விஷயம்" என்று எங்களைப் பிடித்துவைத்துச் சொன்னார். களைத்துச் சுருண்டிருந்த மனுஷன் அந்த வாரம் நிமிர்ந்து நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் பெரியவர் இறந்துபோனார்.

பில்லை டைப் செய்து வைத்துவிட்டேன். மாமா அனுப்பவில்லை. "அழுதுட்டு இருக்கற வீட்டுல போய்க் காசு கேக்கறதா?" என்றார். உறவுக்காரர்கள் ஊருக்குப் போகட்டும் என்றார். போன பிறகும் நாளைக்கு, நாளைக்கு என்றார். கடைசியில் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, அடுத்த வாரம் வேறு ஆளைக் குடிவைக்கப் போவதாகச் சொன்னபோது, நான்தான் மாமாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்த வீட்டில் கட்டில் போன இடம் வெறுமையாக இருந்தது. மகள் பில்லை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கடைசி வாரம் நல்லா சாப்பிட்டாரும்மா. அது ஒண்ணுதான் மனசுக்கு ஆறுதல்" என்றார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்பா ஒரு வாயும் சாப்பிடலைங்க. தண்ணியே இறங்கல. நான்தான் சாப்பிட்டேன்."

மாமாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"தட்டு திரும்பிப் போனா அந்தாளு பில் போடமாட்டான், நீ இங்கயே உக்காந்து சாப்பிட்டுடுன்னு அப்பா சொல்வாரு. முடிக்கிறவரைக்கும் பார்த்துட்டே இருப்பாரு. கொஞ்சம் மிச்சம் வச்சாக்கூடத் தட்டைக் கையால காட்டுவாரு."

மாமா என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். அந்த வாரத்துக் கணக்கின்மேல் கோடு போடப் போனார். வாடகை, வீட்டுக்காரர், எதுவும் அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. நான் தடுக்கவும் இல்லை.

மகள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பா எங்கிட்டச் சொன்ன கடைசி வேலை இது. கெடுத்துடாதீங்க" என்றாள். உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து, முழுசாக, மாமாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

திரும்பும் வழியில் மாமா, சிக்னலில் நின்றபோது என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அப்படி அவர் ஒருநாளும் செய்தவரில்லை. பச்சை விழுந்தும் நான் உடனே வண்டியை எடுக்கவில்லை.

அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். பணத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் உயிர் வந்தது.

"ஏன் இப்படி இடிஞ்சு போயிருக்கீங்க? கடைசி வாரமாவது உங்க கையால வயிறாரச் சாப்பிட்டாரே, அதை நெனச்சுச் சந்தோஷப்படுங்க" என்றாள்.

மாமா என்னை ஒரு முறை பார்த்தார். "ம்" என்றார். அடுத்த நாள் போகவேண்டிய வீட்டுக்காகக் காய்ப் பையை இழுத்துவைத்து, தரையில் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தார்.