பேய் கேட்ட சுண்ணாம்பு

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வரிசையில் ரேடியோ உள்ள வீடு இரண்டுதான். இன்னொரு வீட்டு ரேடியோவுக்கு எப்போதும் ஜலதோஷம். எனவே கூட்டம் முழுவதும் இங்கே.

காரணம்? அடியேனின் நாடகம்! முன்பு நான் எழுதிய பேய்க்கதை ஒன்றை, குடும்பத்தோடு கேட்கும் அரைமணி நேர நாடகமாக மாற்றிக் கொடுத்திருந்தேன். மாட்டின் குளம்படிக்குச் சிரட்டை, பேயின் கொலுசுக்குச் சாவிக்கொத்து... எல்லாம் கோலாலம்பூர் வானொலி நிலையத்தில் தயார்.

ஆனால் என் நிலைமைதான் இரண்டு பக்கமும் இடி. கேட்டவர்கள் கடிதம் போட்டால்தான் அடுத்த நாடகம் என்று வானொலி அதிகாரி சொல்லிவிட்டார். வள்ளி பயந்தால் இனி இந்த வீட்டில் பேய்க்கதை எழுதவே கூடாது என்று என் மனைவி ராஜம் சொல்லிவிட்டாள். எட்டு வயது மகள் ஏற்கெனவே கொல்லைப்பக்கம் தனியாகப் போக மாட்டாள். துணை போவது ராஜம்தானே!

ஊர் நடுங்க வேண்டும், வள்ளி மட்டும் நடுங்கக் கூடாது. எழுதுகிறவன் என்ன செய்வான்?

கதை இதுதான். வண்டிக்காரன் ஒருவன் தனியாக வருகிறான். பாலத்தருகே வெள்ளைப் புடவையோடு ஒருத்தி நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள். நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? மோகினிக்குக் கையால் சுண்ணாம்பு கொடுத்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று தெரியாத தமிழர் உண்டா?

ஏழு மணிக்கு நாடகம் தொடங்கியது. வண்டி வந்தது. கொலுசு கேட்டது. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய், வாயில் போட்ட வடையை மெல்லாமல் நிறுத்திவிட்டார். வள்ளி அம்மாவின் மடிக்குள் புகுந்தாள். எனக்குப் பெருமை பாதி, கவலை பாதி.

"கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?" என்றது பேய்.

அறையில் ஒருவரும் அசையவில்லை. அப்போது மீனாட்சி, ராஜத்தின் தோளைத் தட்டினார்.

பக்கத்து வீட்டு மீனாட்சி, மலாக்கா செட்டி குடும்பம். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். ராஜம் காதோடு காதாக மலாயில் சொல்லச் சொல்லத்தான் நம் நாடகங்களைக் கேட்பார். வெற்றிலைப் பெட்டி இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டார்.

அவள் என்ன கேட்கிறாள் என்றார். சுண்ணாம்பு என்றாள் ராஜம். வண்டிக்காரன் கொடுத்தானா என்றார். இல்லை, நடுங்குகிறான் என்றாள்.

மீனாட்சிக்கு வந்ததே கோபம்! வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் வெற்றிலைப் பெட்டியை நகர்த்தி வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கேட்ட பிறகும் கொடுக்காதவன் என்ன மனுஷன்?

"காசிலா டியா, கெசியான்," என்றார் ரேடியோவைப் பார்த்து. அவளுக்குக் கொடுத்துவிடு, பாவம் என்று அர்த்தம்.

அது பேய் என்று ராஜம் எவ்வளவோ விளக்கினாள். மீனாட்சி அசரவில்லை. இந்த ஊர்ப் பொந்தியானாக் பேய் எதையாவது கேட்டுவிட்டா வருகிறது? நேராகக் கழுத்துக்குத்தான் வரும். இது மரியாதையாகக் கேட்கிறதே... பேயாக இருந்தால் என்ன, சுண்ணாம்பில்லாமல் வாய் எப்படிச் சிவக்கும்?

காதர் பாய்க்கு வடை புரையேறியது. மெர்டேக்கா என்று விடுதலை முழங்கிய நாட்டில் பேய்க்கும் உரிமை உண்டு என்று அவர் இருமிக்கொண்டே சொல்ல, அறையே சிரிப்பில் குலுங்கியது. வள்ளி மடியை விட்டு எழுந்து ரேடியோ முன்னால் போய் நின்றாள்.

"குடுத்துருங்க மாமா. எவ்ளோ நேரமா கேக்குறாங்க, பாவம்."

வண்டிக்காரன் என் வசனத்தை விடுவானா? இரும்பு ஆணியைக் காட்டிப் பேயை விரட்டிவிட்டான். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள்.

எனக்கு அழுகை வராத குறைதான். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய பயம் மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லையே!

ஆனால் சாப்பிட்டு முடித்ததும் வள்ளி தனியாகவே கொல்லைப்பக்கம் போய்வந்தாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். அந்த அக்கா அங்கே இருந்தாலும் சுண்ணாம்புதானே கேட்பார்கள் என்றாள். மனைவியின் நிபந்தனையில் தப்பித்தேன். அதிகாரியின் நிபந்தனை?

நேற்று அவருடைய கடிதம் வந்தது. பிரிக்கும்போது என் கை நடுங்கியது. என் நாடகத்தால் காஜா பெராங்கில் நடுங்கிய ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது!

நிலையத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்றை உள்ளே வைத்து அனுப்பியிருந்தார். மீனாட்சி சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிய கடிதம். அந்தப் பெண்ணைச் சும்மா விரட்டியது தப்பு, மறுபடியும் அவளை வரவழையுங்கள், நாங்கள் எல்லாரும் கேட்கக் காத்திருக்கிறோம் என்று இருந்தது. கூடவே, அவளுக்குக் கொடுக்கச் சொல்லி இலையில் மடித்த சுண்ணாம்பும் வந்ததாம்! நிலையமே சிரித்ததாம். இரண்டாம் பாகத்தை உடனே எழுதச் சொல்லியிருந்தார் அதிகாரி.

கடிதத்தின் கையெழுத்தை மறுபடி பார்த்தேன். ராஜத்தின் கையெழுத்து! பேய்க்கதையே கூடாது என்றவள், எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தப் பரிசும் எனக்கு இந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

ஒன்று புரிந்தது. பேய் என்ன கேட்கிறது என்று தெரியாதவரைதான் பயம்... தெரிந்துவிட்டால் அதுவும் வீட்டுக்கு வந்த விருந்தாளிதான்.

நேற்று ராத்திரியே உட்கார்ந்து, இரண்டாம் பாகத்தில் பேய்க்குச் சுண்ணாம்பு கொடுத்துவிட்டேன். வாசித்துக் காட்டினால், பாக்கு எங்கே என்கிறார் மீனாட்சி!